மழைக்கால அலமாரியில் ஊரும் வெளிர்ப் பூச்சிகள்

கேள்வி: பருவமழை தொடங்கியதிலிருந்து எங்கள் புத்தக அலமாரியிலும் அதை ஒட்டிய சுவரிலும் தூசு அளவே உள்ள வெளிர்நிறப் பூச்சிகள் ஊர்கின்றன. ரவை டப்பாவிலும் கண்டேன். இவை கரையான் குஞ்சுகளா? மருந்து அடித்தாலும் சில நாட்களில் திரும்பிவிடுகின்றனவே?
- வாசகி, சென்னை

பதில்: கரையான் அல்ல, நீங்கள் சொல்லும் அடையாளங்கள் புத்தகப் பேனுக்கே பொருந்துகின்றன. 1 முதல் 2 மில்லிமீட்டர் நீளமுள்ள இப்பூச்சி தலைப்பேனுக்கு உறவு என்றாலும் மனிதரைக் கடிப்பதில்லை. காகிதத்தை அரித்துத் தின்னும் ராமபாணப் பூச்சி இதைவிடப் பல மடங்கு பெரியது. புத்தகப் பேனின் முதன்மையான உணவு, ஈரம் பட்ட காகிதத்திலும் சுவரிலும் கண்ணுக்குத் தெரியாமல் படரும் பூஞ்சணம்; பைண்டிங் பசையும் ரவை, மாவு போன்றவையும் அதற்கு ஏற்றவையே.

மருந்து பலிக்காததற்குக் காரணம் உண்டு. இப்பூச்சி காற்றிலுள்ள நீராவியையே வாய்வழியாக ஈர்த்து வாழக்கூடியது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே தொடர்ந்து இருந்தால் உடல் வறண்டு சில வாரங்களில் மடிந்துவிடும். பருவமழை மாதங்களில் சென்னையில் அந்த வறட்சி தானாக வாய்க்காது. மேலும், 1931-இல் பெயரிடப்பட்ட லிப்போசெலிஸ் பாஸ்ட்ரிகோஃபிலா என்ற பரவலான இனத்தில் பெண் பூச்சிகள் ஆணின்றியே முட்டையிட்டுப் பெருகுவதால், இடுக்கில் ஒன்று தப்பினாலே போதும். சமையலறைக்கு அருகில் மீண்டும் மீண்டும் மருந்தடிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேப்பிலையும் ரசகற்பூர உருண்டையும் ஈரத்தைப் போக்குவதில்லை.

அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தி, தட்டுகளைத் துடைத்து நன்றாக உலரவிட்டு, புத்தகங்களை நெருக்கியடிக்காமல் அடுக்கி, மின்விசிறிக் காற்று படும்படி கதவைத் திறந்து வையுங்கள். ஏசி இருந்தால் அதன் ஈரம் நீக்கும் அமைப்பு உதவும். வெயிலில் வைத்தால் அட்டைகள் வெளுத்து வளைந்துவிடுமாதலால், அரிய நூல்களைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, உறைநிலைப் பெட்டியில் ஒரு வாரம் வைக்கலாம். வெளியே எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வரும்வரை உறையைப் பிரிக்கக் கூடாது, பிரித்தால் ஏட்டிலேயே நீர் கோத்துக்கொள்ளும். பூச்சி மொய்த்த ரவையைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் காயவைப்பதே நல்லது.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, அந்தச் சுவரின் மறுபுறம் குளியலறை இருக்கிறதா, மாடியிலிருந்து நீர் இறங்குகிறதா என்று பாருங்கள். கசிவு இருந்தால், அதை அடைக்கும்வரை பூச்சி திரும்ப வந்துகொண்டேதான் இருக்கும்.