பழைய டாஸ் கேம் திறக்கவில்லை என்றால்

வணக்கம். 1990களின் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கேம் ஒன்று உங்கள் 64-பிட் விண்டோஸில் திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தீர்கள். கோப்பு சரியாகவே இருக்கலாம்; 64-பிட் விண்டோஸ், டாஸ் கேம்கள் போன்ற பழைய 16-பிட் நிரல்களை இயக்காது, அவ்வளவுதான். பழைய டாஸ் கணினி போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளை நிறுவி, கேமின் இஎக்ஸ்இ (.exe) கோப்பை அதன் ஐகான் மேல் இழுத்துப் போடுங்கள். பெரும்பாலும் ஓடிவிடும். கண்மண் தெரியாத வேகத்தில் ஓடினால் பயப்படாதீர்கள். அந்தக் காலத்து கேம்கள் சில, கணினியின் சிபியு (CPU) வேகத்தையே நம்பி எழுதப்பட்டவை. கன்ட்ரோலுடன் எஃப்11 அழுத்த அழுத்த வேகம் குறையும், எஃப்12 கூட்டும்.

அப்புறம், பழையது என்பதாலேயே எல்லாம் இலவசம் ஆகிவிடாது. உரிமையாளர்களே 2003இல் இலவசமாக விட்ட 'பினீத் எ ஸ்டீல் ஸ்கை'யை அவசியம் ஆடிப் பாருங்கள். 1994இல் வந்த கேம், கதை அருமை! அதற்கு ஸ்கம்விஎம் (பழைய சாகச கேம்களை ஓட்டும் இலவச மென்பொருள்) போதும்.

இன்னும் திறக்காவிட்டால், திரையில் வரும் பிழைச் செய்தியை அப்படியே இங்கே போடுங்கள்.