லெமன்கிராஸ் தைலம் சர்க்கரையைக் குறைக்குமா?

கேள்வி: ஒன்றரை ஏக்கரில் லெமன்கிராஸ் போட்டிருக்கிறேன். இந்த எண்ணெய் சர்க்கரை நோய்க்கு நல்லது என்று லேப்பில் நிரூபித்துவிட்டார்கள், சின்ன பாட்டிலில் அடைத்து விற்றால் நல்ல விலை போகும் என்கிறார் வியாபாரி. என் அம்மாவுக்கும் சர்க்கரை இருக்கிறது, தினம் இரண்டு சொட்டு கொடுக்கலாமா?

பதில்: அண்ணா, முதலில் அம்மா விஷயம். ஒரு சொட்டுகூட வேண்டாம். புல்லைப் போட்டுக் குடிக்கிற டீ வேறு, தைலம் வேறு. 100 கிலோ பச்சைப் புல்லைக் காய்ச்சினால் அரைக் கிலோ எண்ணெய் வருவதே பெரிய பாடு, அவ்வளவு செறிவு, வாயும் வயிறும் எரியும். இதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

வியாபாரி சொன்னது முழுப் பொய் இல்லை. சோற்றிலுள்ள மாவை உடைத்துச் சர்க்கரையாக்குவது எச்சிலிலும் கணையத்திலும் ஊறுகிற அமைலேஸ் நொதி. லேப்பில் எண்ணெயையும் இந்த நொதியையும் கஞ்சித்தண்ணி மாதிரி ஒரு மாவுக் கரைசலையும் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, 37 டிகிரி சூட்டில் கொஞ்ச நேரம் வைத்து, மாவில் பட்டால் கருநீலமாகிற அயோடினை விடுவார்கள். நொதி மாவைத் தின்றிருந்தால் நீலம் வெளுத்துப்போகும், எண்ணெய் நொதியை மறித்திருந்தால் கருநீலம் அப்படியே நிற்கும். பக்கத்துக் குழாயில் அகார்போஸ் என்கிற சர்க்கரை மருந்தை வைத்து ஒப்பிடுவார்கள். சோதனை நேர்மையானதுதான், ஆனால் அங்கே எண்ணெயை ஒரு கரைப்பானில் கலந்து நேராக நொதிமேல் விடுகிறார்கள். உடம்புக்குள் போனால் அது குடலில் உறிஞ்சப்பட்டு ஈரலில் உடைந்துபோகும், நொதியிடம் எவ்வளவு போய்ச் சேரும் என்பதைக் குழாய் சொல்லாது. அதற்கு எலியில் பார்க்க வேண்டும், அப்புறம் மனிதரில்.

பாட்டிலில் 'சர்க்கரைக்கு' என்று எழுதி விற்கவே விற்காதீர்கள். 1954-ம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டத்தின் பட்டியலில் நீரிழிவு இருக்கிறது, மாட்டினால் வழக்கு உங்கள் பெயரில்தான் வரும்.

உங்களுக்குக் காசு சிட்ராலில் இருக்கிறது, எண்ணெய்க்கு எலுமிச்சை வாசனை தருகிற பொருள் அது. சோப்பு, வாசனைப் பொருள் செய்கிறவர்கள் அதைப் பார்த்துத்தான் விலை போடுகிறார்கள், நல்ல எண்ணெயில் 75 சதவீதத்துக்கு மேல் இருக்கும். அறுத்த புல்லை ஒரு நாள் நிழலில் வாடவிட்டுக் காய்ச்சுங்கள், தண்ணீர்த் துளி இல்லாமல் பிரித்து அலுமினியக் கேனில் கழுத்துவரை நிரப்பி இருட்டில் வையுங்கள், காற்றும் வெளிச்சமும் பட்டால் சிட்ரால் இறங்கிவிடும். கொஞ்சம் எடுத்து, சிட்ரால் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கிற ஜிசி (வாயு நிறப்பிரிகை) சோதனைக்கு அனுப்பி, அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு வியாபாரியிடம் விலை பேசுங்கள்.