ரியர் ஆக்சில் மாற்றினால் பிரேக் பார்ட்ஸ் எந்த வண்டிக்கு வாங்குவது? பழைய மஸ்டாங் கேள்விகள் சில

1965, 66 ஃபோர்டு மஸ்டாங் வைத்திருப்பவர்கள் ஆக்சில் மாற்றும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஷூ, டிரம், கேபிள் எல்லாம் என் காருக்கு வாங்குவதா, ஆக்சில் வந்த காருக்கு வாங்குவதா? காரின் அடியிலிருந்து ஆக்சிலுக்கு இறங்குகிற அந்த ஒற்றை ரப்பர் ஹோஸை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஆக்சில் வந்த வண்டிக்கு உரியது, முன்னால் இருப்பது உங்கள் வண்டிக்கு உரியது. இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதில்தான் வேலையே இருக்கிறது.

66 மஸ்டாங், ஆறு சிலிண்டர். ஃபோர்டு மேவரிக் வி8-லிருந்து கழற்றிய 8 இன்ச் ஆக்சில் (ஆக்சிலுக்குச் சொல்லும் இன்ச், உள்ளே இருக்கும் ரிங் கியரின் விட்டம்) கிடைத்திருக்கிறது. பின் டிரம்மும் ஷூவும் போன வருஷம்தான் புதுசாகப் போட்டேன். அதையே இதில் மாட்டலாமா?

மாட்ட முடியாது. உங்களுடையது நாலு ஸ்டட், 9 இன்ச் டிரம். வந்திருப்பது ஐந்து ஸ்டட், 10 இன்ச். ஷூ உட்காரும் பேக்கிங் பிளேட்டிலிருந்து ஸ்பிரிங் வரை எதுவும் ஒத்துவராது. புதுசு என்கிறீர்கள், நாலு ஸ்டட் காரை அப்படியே வைத்திருக்கும் யாருக்காவது விற்றுவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முன்னால் ஆறு சிலிண்டரின் 9 இன்ச் டிரம்மை விட்டுவிட்டு பின்னால் மட்டும் பெரிசாக்கினால், அழுத்தி மிதிக்கும்போது பின்சக்கரம் முதலில் லாக் ஆகி வால் சுற்றிவிடும். மழையில் கேட்கவே வேண்டாம். முன் ஸ்பிண்டில் (முன்சக்கரம் சுழலும் அச்சு), டிரம் எல்லாவற்றையும் வி8 வகைக்கு மாற்றிவிட்டு அப்புறம் பின்னால் கை வையுங்கள். அப்படிச் செய்தால் ஸ்டெப்னியும் நாலு சக்கரத்துக்கும் பொதுவாகிவிடும்.

ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8 இன்ச் ஆக்சிலை டிஸ்க் பிரேக்கோடு போடப்போகிறேன். மாஸ்டர் சிலிண்டரைத் தொடாமல் விடலாமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும். 1995-லிருந்து வந்த எக்ஸ்ப்ளோரர் ஆக்சில் என்றால் பின்னால் டிஸ்க், அதற்கு முந்தியது டிரம். நீளமான பக்கத்துக் குழாயை வெட்டிச் சுருக்கி, இரண்டு பக்கமும் குட்டையான ஷாஃப்ட்டையே போட்டுவிட்டால் மஸ்டாங்குக்கு அகலம் ஏறக்குறைய சரியாக வரும் என்பதால்தான் எல்லாரும் இதன் பின்னால் ஓடுகிறார்கள். ஸ்டட் அமைப்பும் அதே ஐந்துக்கு 4.5 அங்குலம்.

பிரேக்குக்கு வருவோம். மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளுவது மாஸ்டர் சிலிண்டர். 1966 வரை மஸ்டாங்கில் அது ஒற்றைச் சுற்றுதான், 67-லிருந்துதான் முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி. ஒரு ஹோஸ் வெடித்தால் நாலு சக்கரத்திலும் பிரேக் போய்விடும் சிலிண்டரை வைத்துக்கொண்டு பின்னால் டிஸ்க் போடுவதில் எனக்குச் சம்மதமில்லை, இரட்டைச் சுற்றுக்கு மாறுங்கள். மாறும்போது டிரம் காருக்கானதை எடுத்துவிடாதீர்கள். டிரம்முக்குப் போகும் வழியில், பைப் உட்காரும் பித்தளை சீட்டுக்குப் பின்னால், ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். மிதியை விட்ட பிறகும் சுமார் 10 பிஎஸ்ஐ அழுத்தத்தை லைனில் பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் கப் சுவரோடு ஒட்டியே இருக்க டிரம்முக்கு அது வேண்டும். டிஸ்க்குக்கு அதே அழுத்தம் போனால் பேட் ரோட்டரை (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை) விடாமல் உரசிக்கொண்டே இருக்கும், ரெண்டு மைல் ஓட்டிவிட்டு ரிம்மைத் தொட்டுப் பார்த்தால் கை சுடும். நாலு டிஸ்க்குக்கான சிலிண்டரை வாங்குவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாஸ்டர் சிலிண்டர், பேடை அழுத்தும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் மட்டும் 2 பிஎஸ்ஐ வால்வு தேவைப்படும். மஸ்டாங்கில் மாஸ்டர் சிலிண்டர் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள ஃபயர்வாலில் உயரத்தில் இருக்கிறது, அந்தக் கவலை இல்லை.

பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும், திருகி அட்ஜஸ்ட் செய்கிற புரொபோர்ஷனிங் வால்வு ஒன்றைப் பின் லைனில் போடுங்கள். டிரம்மில் ஷூ சுழற்சியோடு சேர்ந்து தானே இழுத்துக்கொள்ளும், டிஸ்க்குக்கு அந்த உதவி கிடையாது. அதனால் டிரம்முக்குச் செட் செய்த பழைய வால்வு பின் டிஸ்க்குக்குப் பொருந்தாது. ஆளில்லாத சாலையில் மெதுவான வேகத்தில் மிதித்துப் பார்த்து, முன்சக்கரம்தான் முதலில் லாக் ஆகிறது என்கிற இடத்தில் நிறுத்துங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ரோட்டர் 11 அங்குலத்துக்குச் சற்று மேல், உங்கள் 14 இன்ச் ஒரிஜினல் ரிம் ஏறாது, 15 இன்ச்சாவது வேண்டும். ஹேண்ட் பிரேக் என்பது ரோட்டரின் தொப்பிப் பகுதிக்குள் இருக்கும் குட்டி ஷூ. ஆக்சில் வாங்கும்போதே எக்ஸ்ப்ளோரரின் கேபிளையும் சேர்த்துக் கேளுங்கள், பின் பாதி அதுவாகவும் முன் பாதி மஸ்டாங்குடையதாகவும் நடுவில் இணைக்க வேண்டியிருக்கும். கேபிள் இல்லாமல் ஆக்சிலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் தேடி அலைகிறவர்கள்தான் அதிகம்.

9 இன்ச் ஆக்சில் வாங்கினேன், அடையாள டேக் இல்லை. எந்த வண்டியிலிருந்து வந்தது என்று விற்றவருக்கும் தெரியவில்லை. ஷூ எப்படி வாங்குவது?

கடையில் வருஷமும் மாடலும் சொல்லிக் கேட்பதை மறந்துவிடுங்கள், அளந்து வாங்குங்கள். டிரம்மின் உள்விட்டம், ஷூவின் அகலம், வீல் சிலிண்டரின் போர் (உள்விட்டம்), இந்த மூன்றும் முதலில். போர் அளவு பல சிலிண்டர்களில் வார்ப்பிலேயே இருக்கும், கம்பி பிரஷ் போட்டால் தெரியும். அடுத்து ஆக்சில் முனை. பேரிங்கின் வெளிவிட்டம் 2.835 அங்குலமா 3.150-ஆ என்று வெர்னியர் வைத்துப் பாருங்கள். 3.150-லேயே பழைய வகையும், ஃபோர்டு டொரினோ காரின் பெயரால் சொல்லும் டொரினோ வகையும் உண்டு, போல்ட் ஓட்டைகளின் இடைவெளி வேறு, டொரினோவில் போல்ட்டே அரை அங்குலம். ஹவுசிங் ஃபிளாஞ்சிலிருந்து (ஆக்சில் குழாய் முனையில் போல்ட் ஓட்டைகள் உள்ள தட்டிலிருந்து) சக்கரம் உட்காரும் முகம் வரையுள்ள தூரமும் முக்கியம்: பழைய பெரிய பேரிங்கில் 2.36, டொரினோவில் 2.50. வித்தியாசம் மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று தள்ளிவிட வேண்டாம், டிரம் பேக்கிங் பிளேட்டில் உரச அது போதும்.

பெரிய ஃபோர்டுகளிலிருந்து வந்த ஆக்சில் என்றால் 11 இன்ச் டிரம் இருக்கலாம். மஸ்டாங்கின் பின்பக்கம் லேசு, அவ்வளவு பிரேக் அங்கே தேவையில்லை. அதே இடத்தில் உட்காரும் சின்ன போர் வீல் சிலிண்டர் கிடைத்தால் போடுங்கள்: 15/16-லிருந்து 13/16-க்கு இறங்கினால் ஷூவைத் தள்ளும் விசை கால் பங்கு குறைகிறது.

எல்லாம் மாட்டிவிட்டேன், ஏர் எடுத்தாகிவிட்டது, ஆனாலும் மிதி பாதி வரை இறங்குகிறது.

டிரம்மைக் கழற்றுங்கள். நீளம் குறைந்த லைனிங் உள்ள ஷூ முன்பக்கம், நீளமானது பின்பக்கம் இருக்கிறதா? அடுத்து, ஷூவின் இடைவெளியைச் சரிசெய்யும் பல் சக்கரமான ஸ்டார் வீல். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை, மாறிப்போனால் தானாக அட்ஜஸ்ட் ஆக வேண்டியது ஒவ்வொரு முறையும் இன்னும் தளர்ந்துகொண்டே போகும். இரண்டும் சரி என்றால் கையால் திருகி, டிரம் லேசாக உரசும்வரை ஷூவை வெளியே கொண்டுவாருங்கள். புது ஷூ போட்டுவிட்டு இதைச் செய்யாமல் மாஸ்டர் சிலிண்டரைக் குறை சொல்கிறவர்கள் நிறைய.

பழைய பிரேக் பைப்பின் நட் புது ஹோஸில் ரெண்டு மரை ஏறி நின்றுவிடுகிறது. கொஞ்சம் அழுத்தித் திருகலாமா?

கூடவே கூடாது. ஒன்று இன்ச் மரை, இன்னொன்று மெட்ரிக். பைப்பின் நுனியும் வேறாக இருக்கும்: பழைய அமெரிக்க வண்டியில் உள்ளே மடிந்த இரட்டை ஃப்ளேர் (விரித்த நுனி), மெட்ரிக்கில் குமிழ் மாதிரி. அடாப்டர் வாங்கலாம், அதைவிடப் பைப்பையே புதிதாக வளைத்து ஃப்ளேர் போட்டுவிடுவது நல்லது.

ஆக்சில் மேல் பிரேக் பைப் பிரிகிற டி பிளாக்கின் போல்ட் துருப்பிடித்து உடைந்துவிட்டது. வேறு போல்ட் போட்டுவிட்டேன். சரிதானே?

8 இன்ச்சோ 9 இன்ச்சோ என்றால் சரியில்லை. அது வெறும் போல்ட் இல்லை, நடுவில் ஓட்டை உள்ள போல்ட். ஆக்சில் மூச்சு விடுவதே அதன் வழியாகத்தான். சாதா போல்ட்டால் அடைத்துவிட்டால் சூடேறும்போது உள்ளே அழுத்தம் கூடி, ஆயில் சீலைத் தாண்டிக்கொண்டு நேராக ஷூ மேல் வந்துவிடும். இதுவரை ஓட்டியிருந்தால் டிரம்மைத் திறந்து பாருங்கள், லைனிங்கில் எண்ணெய் ஏறியிருந்தால் கழுவிப் பயனில்லை, இரண்டு பக்கமும் ஷூவை மாற்றிவிடுங்கள்.