சிஸ்டருங்களைப் பத்தி படம் எடுக்க கம்பெனி காசு வாங்கலாமா?

கேள்வி: நாங்க வேலூர்ல நர்சிங் படிச்ச பழைய மாணவிகள், ஒரு சின்ன சங்கம் வச்சிருக்கோம். கிளவுஸ், சானிடைசர் எல்லாம் பண்ற ஒரு கம்பெனி, நர்ஸுங்களைப் பத்தி ஜனங்க மனசுல இருக்கிற எண்ணத்தை மாத்துற மாதிரி ஒரு மணி நேர டாக்குமெண்டரி எடுக்க மொத்தச் செலவையும் ஏத்துக்கிறோம்னு வந்திருக்கு. சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிங்க சமூகப் பொறுப்புக்குன்னு ஒதுக்குற காசுதான்னு சொல்றாங்க. அமெரிக்காவுல 5பி-ன்னு ஒரு படம் இப்படித்தான் வந்துச்சாம். சங்கத்துல பாதி பேர் சரிங்கறாங்க, பாதி பேர் இது விளம்பரம்ங்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?
— ஓய்வு பெற்ற நர்சிங் டியூட்டர், காட்பாடி

பதில்: மேடம், ரெண்டு பக்கமும் சரியாத்தான் சொல்றாங்க. அது விளம்பரம்தான். விளம்பரமா இருந்தாலும் நல்ல படமா வரலாம், அதுக்கு நீங்க சொன்ன 5பி-யே சாட்சி, ஆனா அந்தப் படத்தை உங்ககிட்ட உதாரணமா காட்டினவங்க அதோட முழுக்கதையையும் சொல்லியிருக்க மாட்டாங்கன்னு நெனைக்கிறேன்.

1983ல சான்ஃபிரான்சிஸ்கோ ஜெனரல் ஆஸ்பத்திரியில எய்ட்ஸ் நோயாளிங்களுக்குன்னு தனியா ஒரு வார்டு திறந்தாங்க, அதோட பேர்தான் 5பி. கிளிஃப் மாரிசன்னு ஒரு நர்ஸ் முன்ன நின்னு அமைச்ச வார்டு, நானா வரேன்னு சொன்ன நர்ஸுங்களை மட்டும் வச்சு நடத்தினது, எல்லாரும் கவச உடுப்பு மாட்டிக்கிட்டு வாசப்படியிலயே நின்ன காலத்துல இவங்க வெறுங்கையால நோயாளி கையைப் பிடிச்சாங்க. அந்த வார்டைப் பத்தி ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி காசு போட்டு எடுத்த படம்தான் இது. பிரான்ஸ்ல நடக்கிற கான் திரைப்பட விழாவுல காட்டினாங்க, 2019ல அதே ஊர்ல நடக்கிற விளம்பரக்காரங்க விழாவுல பெரிய பரிசு வாங்குச்சு. ஒரே படம் சினிமாக்காரங்க மேடையிலயும் ஏறுது, விளம்பரக்காரங்க மேடையிலயும் ஏறுது, இது எதுன்னு இதுக்கு மேல நான் சொல்லணுமா!

இன்னொன்னு. அந்தப் படம் தியேட்டருக்கு வந்தது 2019 ஜூன்ல. அதே ஜூன்ல ஓக்லஹோமா கோர்ட்டுல இதே கம்பெனி மேல, ஆளை அடிமையாக்கிடுற ஓபியாய்டு வலி மாத்திரை கேஸ் விசாரணை ஓடிட்டு இருந்துச்சு, ஆகஸ்ட்ல 57 கோடி டாலருக்கு மேல கட்டுன்னு தீர்ப்பு வந்துச்சு (2021ல மேல்கோர்ட் அதை ரத்து பண்ணிடுச்சு, அதையும் சொல்லிடணும்). கேஸுக்காகத்தான் படம் எடுத்தாங்கன்னு நான் சொல்லல, 2002லேர்ந்தே அவங்க நர்ஸிங்குக்கு ஆள் சேர்க்கிற பிரச்சாரம் நடத்திட்டுத்தான் இருந்தாங்க. ஆனா நர்ஸ் பேர்ல இருக்கிற நம்பிக்கையில கொஞ்சம் நம்ம பேர்லயும் ஒட்டட்டும்னு எந்தக் கம்பெனிக்கும் ஆசை இருக்கும். அமெரிக்காவுல எந்தத் தொழில்காரங்களை நம்புறீங்கன்னு வருஷா வருஷம் கேலப்ங்கற நிறுவனம் எடுக்கிற கணக்கெடுப்புல 1999லேர்ந்து ஒரே ஒரு வருஷம் தவிர நர்ஸுங்கதான் முதல் இடம், 2001ல மட்டும் தீயணைப்பு வீரர்கள். அப்போ யாரோட பேரை யார் தூக்கி விடுறாங்க? உங்க கிளவுஸ் கம்பெனிக்கும் இதே கணக்குதான், நீங்க அவங்களுக்குத் தர்றது அவங்க உங்களுக்குத் தர்றதை விட ஜாஸ்தி, அதைத் தெரிஞ்சுக்கிட்டு பேரம் பேசுங்க.

சிஎஸ்ஆர்னு சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க இல்ல, அதை எழுத்துல வாங்குங்க. 2021ல திருத்தின விதிப்படி தன் பொருளுக்கோ சேவைக்கோ மார்க்கெட்டிங் ஆதாயம் வர்ற மாதிரி பண்ற ஸ்பான்சர் வேலை சிஎஸ்ஆர் கணக்குல வராது. அந்தக் காசுதான்னா அவங்க கிளவுஸ் படத்துல பளபளன்னு வரக்கூடாது, இல்ல அது விளம்பரச் செலவுதான்னா முதல் ஷாட்லயே யார் காசுன்னு பெருசா போட்டுடட்டும், தப்பே இல்ல. கோயில் ட்யூப்லைட்ல உபயம்னு பேர் எழுதி வெளிச்சத்தையே மறைக்கிற கதை மட்டும் வேணாம்.

இப்ப விஷயத்துக்கு வரேன். எண்ணத்தை மாத்தணும்ங்கறீங்களே, எந்த எண்ணத்தை, யாரோட எண்ணத்தை? நம்ம பக்கம் குடியாத்தத்துலயோ ஆரணியிலயோ பொண்ணு பார்க்க வர்றவங்க நர்ஸுன்னதும் முகம் மலர்ந்து, அடுத்த கேள்வியே நைட் டூட்டி உண்டான்னு கேட்டு முகம் சுருங்கறது ஒண்ணு. வார்டுல படுத்திருக்கிறவரோட மச்சான் டாக்டர் எதிர்ல கைகட்டி நின்னுட்டு, டாக்டர் நகர்ந்ததும் சிஸ்டரை வேலைக்காரி மாதிரி அதட்டறது இன்னொண்ணு. இது ரெண்டுக்கும் மருந்து ஒண்ணு இல்ல. கம்பெனி எடுக்கப்போற படம் பெரும்பாலும் ரெண்டுக்குமே மருந்தா இருக்காது, ஏன்னா அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரே ஃபார்முலா தேவதை ஃபார்முலா, வெள்ளை உடுப்பு, மெழுகுவத்தி, கண்ணோரம் ஈரம், பின்னாடி வயலின். தேவதையைப் பார்த்து கும்பிடுவாங்க, சம்பளம் எவ்வளவுன்னு எவனும் கேக்க மாட்டான்.

கும்பிட்டதுக்கும் நம்மகிட்ட கணக்கு இருக்கு. 2020 மார்ச் 22ல ஊரே கை தட்டுச்சு, மே 3ல ஹெலிகாப்டர்லேர்ந்து ஆஸ்பத்திரி மேல பூ தூவினாங்க, நர்ஸுன்னா அன்னைக்கு தெய்வம். அந்தக் கோவிட் நேரத்துல நம்ம தமிழ்நாடு அரசு ஒப்பந்தத்துல எடுத்த ரெண்டாயிரத்துக்கும் மேல நர்ஸுங்களுக்கு 2022 டிசம்பர் 31 ஓட ஒப்பந்தம் நீட்டிப்பு இல்லன்னு சொல்லிட்டாங்க, புது வருஷம் பொறந்ததே அவங்களுக்குப் போராட்டத்துல. அதுக்கு முன்னாடி 2015ல எம்.ஆர்.பி. (அரசு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கிற தேர்வு வாரியம்) பரீட்சை எழுதி வந்தவங்களுக்கு மாசம் 7,700 தொகுப்பூதியம், ரெண்டு வருஷத்துல நிரந்தரம்னு பேச்சு, ரெண்டு வருஷம் கழிச்சு 2017 நவம்பர்ல அவங்க சென்னையில மருத்துவத் துறை ஆபீஸ் இருக்கிற டிஎம்எஸ் வளாகத்துல தரையில உக்காந்திருந்தாங்க. தனியார் பக்கமும் ஒண்ணும் சொகுசு இல்ல. 2016ல சுப்ரீம் கோர்ட் சொல்லி மத்திய அரசு போட்ட கமிட்டி, 50 படுக்கைக்குக் கீழ இருக்கிற ஆஸ்பத்திரியில கூட நர்ஸுக்கு 20,000 குறையக்கூடாது, 200 படுக்கைக்கு மேலன்னா அரசு சம்பளம்னு எழுதிக் குடுத்துச்சு. உங்க மாணவிங்களுக்கு எவ்வளவு வருதுன்னு எனக்குச் சொல்ல வேணாம், கேமராவுக்குச் சொல்ல விடுவாங்களான்னு கம்பெனிகிட்ட கேளுங்க. கிளவுஸ் வாங்குறவங்களே ஆஸ்பத்திரி முதலாளிங்கதானே மேடம், அவங்க மனசு நோகற மாதிரி ஒரு சீனை இவங்க வெப்பாங்களா?

அதனால முதல் நிபந்தனை, ஃபைனல் கட், அதாவது படத்துல எது இருக்கணும் எது போகணும்ங்கற கடைசி முடிவு, உங்க கையில. படம் முடிஞ்சதும் கம்பெனிக்காரர் பார்க்கலாம், தகவல் தப்பிருந்தா சொல்லலாம், கத்திரிக்கோல் அவர்கிட்ட போகக்கூடாது. 5பி தேறினதுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் இதுதான், அந்த வார்டு நடந்த விதத்தை அப்பவே கடுமையா எதிர்த்த, அதே ஆஸ்பத்திரி எலும்பு சர்ஜனையும் உக்கார வச்சுப் பேச விட்டிருக்காங்க. எதிர்க்கட்சிக்கு இடம் குடுக்காத படம் கம்பெனி ஆண்டு விழாவுல போடத்தான் லாயக்கு.

ரெண்டாவது, என்ன காட்டப்போறீங்கன்னு இப்பவே முடிவு பண்ணுங்க. சிரிச்ச முகம், அன்பு, பாசம் எல்லாம் ஜனங்களுக்குத் தெரியும். தெரியாதது அவங்க தலைக்குள்ள ஓடற கணக்கு. ராத்திரி மூணு மணிக்கு ஒரு சிஸ்டர் ட்ரிப்ஸ் பாட்டில் பக்கத்துல நின்னு வாட்சையே பார்த்துட்டு இருப்பாங்க, கட்டில் கீழ பாய் போட்டுப் படுத்திருக்கிற அண்ணன், பாரு டூட்டி எப்போ முடியும்னு மணி பார்க்குதுன்னு முனகுவாரு. அவங்க சொட்டு எண்ணிட்டு இருக்காங்க. 500 மில்லி பாட்டில், 4 மணி நேரத்துல போகணும், அந்த செட்டுல ஒரு மில்லிக்கு 20 சொட்டு, அப்போ நிமிஷத்துக்கு 42 சொட்டு, இதயம் பலவீனமான கிழவருக்கு அது வேகமா போனா தண்ணி நுரையீரல்ல ஏறும். எண்ணி முடிச்சுட்டு யூரின் பேக்கைக் குனிஞ்சு பார்ப்பாங்க, ஒரு மணி நேரத்துல 30 மில்லி கூட சேரலன்னா பிபி பார்த்து, மூச்சை ஒரு முழு நிமிஷம் எண்ணி, தூங்குற டூட்டி டாக்டருக்கு போன் போட்டு எழுப்புவாங்க, எழுப்பினதுக்குத் திட்டும் வாங்குவாங்க. மறுநாள் ரவுண்ட்ஸ்ல நல்ல பேர் டாக்டருக்கு. இந்தப் பத்து நிமிஷத்தை வெட்டாம, மியூசிக் போடாம காட்டுங்க, பாய்ல படுத்த அண்ணனுக்கும் சேர்த்துப் புரியும். பொது வார்டுல எத்தனை பேருக்கு ஒரு நர்ஸ் இருக்கணும், இப்ப ஒருத்தர் எத்தனை பேரைப் பார்க்கிறாங்கன்னு அங்கயே ஒரு வரி போட்டீங்கன்னா படத்தோட வேலை பாதி முடிஞ்சுது. (அந்த வரியைத்தான் முதல்ல வெட்டச் சொல்லுவாங்க, பாருங்க.)

நோயாளிங்க விஷயத்துல கண்டிப்பா இருங்க. வலியில படுத்திருக்கிறவர்கிட்ட இன்சார்ஜ் சிஸ்டரே வந்து கையெழுத்து கேட்டா அவரு எங்க மாட்டேன்னு சொல்லுவாரு, அது சம்மதமே கிடையாது, டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போன பிறகு கேளுங்க. எச்.ஐ.வி. இருக்கிறவங்கன்னா 2017 சட்டமே இருக்கு, அவங்க தெரிஞ்சு சம்மதிக்காம வெளிய சொல்லக்கூடாது.

கதைக்காக சான்ஃபிரான்சிஸ்கோவைப் பார்த்து ஏங்கவும் வேணாம். 1986ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமன்கிட்ட படிச்ச டாக்டர் நிர்மலா, ரத்த சாம்பிளை ஐஸ் பெட்டியில வச்சு ராத்திரி ரயில் ஏறி காட்பாடிக்குத்தான் வந்தாங்க, சென்னையில அன்னைக்கு டெஸ்ட் பண்ண வசதி இல்ல, வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில பார்த்தாங்க, இந்தியாவுல எச்.ஐ.வி. முதல் முதலா தெரிஞ்சது அந்த சாம்பிள்லதான். டாக்டருங்க பேர் எல்லாம் பதிவுல வந்தாச்சு. அதுக்கு அப்புறம் வந்த வருஷங்கள்ல இந்த ஜில்லா ஆஸ்பத்திரிங்கள்ல அந்த நோயாளிங்களைக் குளிப்பாட்டி, கட்டு மாத்தின சிஸ்டருங்க பேர் எங்க வந்துச்சு? 1909லேர்ந்து நர்ஸிங் சொல்லிக் குடுக்கிற ஊரு இது, 1946லயே டிகிரி ஆரம்பிச்ச ஊரு, அவங்கள்ல பல பேர் ரிட்டயர் ஆகி சத்துவாச்சாரியிலயும் பாகாயத்துலயும் பேரப்பிள்ளை பார்த்துட்டு இருப்பாங்க, ஒரு போன் போட்டா நீங்களே பிடிச்சுடலாம். அன்னைக்கு பயந்து ஓடினவங்களையும் பேச வைங்க, அவங்களும் நர்ஸுங்கதான்.

படம் முடிஞ்சா மே 12 நர்ஸ் தினத்துக்கு ஏசி ஹால்ல நர்ஸுங்களுக்கே போட்டுக் காட்டிட்டு கலைஞ்சு போயிடாதீங்க. காந்தி ரோட்டு லாட்ஜுங்கள்ல வங்காளத்துலேர்ந்து வந்து வாரக்கணக்குல தங்கியிருக்காங்களே நோயாளிங்களோட சொந்தக்காரங்க, அங்க வங்காளி சப்டைட்டிலோட போடுங்க, ஆஸ்பத்திரி வெயிட்டிங் ஹால்ல போடுங்க.

இத்தனையும் ஒரு பக்கத்துல எழுதி கம்பெனிக்கு அனுப்புங்க. ஒத்துக்கிட்டா கையெழுத்து போடுங்க, நான் முதல் ஷோவுக்கு வரேன். மேலிடத்துல கேட்டுட்டு சொல்றோம்னு இழுத்தா ஃபைனல் கட்டையும் சம்பளத்தையும் மட்டும் விட்டுக்குடுக்காதீங்க, அவங்க பதிலை எனக்கு அனுப்புங்க, அடுத்த இதழ்ல இதே பக்கத்துல போடுறேன்.