தன்பாலீர்ப்புக் காதலைச் சொல்லும் அமானுஷ்யக் கதைகளின் பலம் என்ன, பலவீனம் என்ன?

ரத்தக்காட்டேரி, ஓநாய் மனிதன், ஆவி, மந்திரவாதி என்று யாராவது ஒருவர் காதலராக வரும் கதைகள் இவை. காதலிக்கும் இருவருமே ஆண்கள், அல்லது இருவருமே பெண்கள். நான் விரும்பிப் படிக்கும் வகை இது. இதன் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன என்பது என் கருத்து: கதையில் இருக்கும் மாயம் அந்தக் காதலர்களை என்ன செய்கிறது என்பதுதான் அந்த இடம்.

பலத்தில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது முடிவு. தன்பாலீர்ப்பாளர்கள் வரும் கதை என்றால் கடைசியில் ஒருவராவது சாக வேண்டும் என்பது நெடுங்காலம் எழுதாத சட்டம் போலவே இருந்தது. ஷெரிடன் லெ ஃபானுவின் 'கார்மில்லா' 1872ல் புத்தகமாக வந்த தொகுப்பில் இருக்கிறது. 'டிராகுலா'வுக்கு 25 வருடம் மூத்தது. ஒரு பெண் காட்டேரிக்கும் ஓர் இளம்பெண்ணுக்கும் இடையிலான ஈர்ப்பை அத்தனை நெருக்கமாகச் சொல்லிவிட்டு, கடைசியில் காட்டேரியின் நெஞ்சில் முளை அடித்து, தலையை வெட்டி, எரித்துவிடுகிறார்கள். இ. எம். ஃபார்ஸ்டர் 1913-14ல் எழுதிய 'மாரிஸ்' நாவலில் பேயும் இல்லை, பிசாசும் இல்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து வாழப் போகிறார்கள், அவ்வளவுதான். மகிழ்ச்சியான முடிவு கட்டாயம் வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அந்த நாவல் அவர் இறந்த பிறகு 1971ல்தான் அச்சுக்கு வந்தது.

இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு இன்றைய கதைகளைப் படித்துப் பாருங்கள். கார்மில்லாவைக் கொல்வதற்குக் காரணமாக இருந்த அதே சாகாத தன்மை, இப்போது காதலர்களுக்குக் காலத்தை அள்ளித் தருகிறது. நூறு வருடம் ஒருவரோடு ஒருவர் இருப்பது, ஒருவருக்கு மட்டும் வயதாவது, சலிப்பது, பிரிவது, திரும்பி வருவது என்று ஒரு நீண்ட தாம்பத்தியத்தையே எழுதலாம். 'சேர்ந்தார்களா இல்லையா' என்பதோடு நின்றுவிடாமல் 'எப்படி வாழ்ந்தார்கள்' என்பது வரை போக முடிகிறது. மற்ற வகைக் கதைகளில் இது எனக்கு அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது.

ரகசிய வாழ்க்கை, பெற்ற குடும்பம் கைவிட்டபின் தானாகத் தேடிக்கொண்ட கூட்டம், இந்த இரண்டும் காட்டேரிக்கும் ஓநாய் மனிதனுக்கும் தன்பாலீர்ப்பாளர்களுக்கும் பொதுவானவை என்பதால் கதையில் இயல்பாகவே பொருந்துகின்றன. ஆனால் இதில் ஒரு ஆபத்தும் உண்டு. இவர்கள் இரை தேடி அலைபவர்கள், தங்களைப் போலவே மற்றவர்களையும் மாற்றிவிடுவார்கள் என்பது தன்பாலீர்ப்பாளர்கள் மேல் வெகுகாலமாகச் சுமத்தப்படும் பழி. 1981ல் எய்ட்ஸ் பற்றிய செய்தி வந்த பிறகு, ரத்தத்தால் தொற்றும் காட்டேரி என்ற உருவகம் நிஜ மனிதர்களைக் காயப்படுத்தக்கூடியதாக ஆனது. யோசிக்காமல் எழுதினால் கதை அந்தப் பழிக்கே சாட்சி சொல்லும். ஜுவெல் கோமஸ் 1991ல் 'தி கில்டா ஸ்டோரீஸ்' நாவலில் இதற்கு அழகான பதில் சொன்னார். அடிமைத்தனத்திலிருந்து தப்பிய கறுப்பினப் பெண் அதில் காட்டேரியாகிறாள். யாரிடமிருந்து ரத்தம் எடுத்தாலும் அவருடைய மனதுக்குள் ஏதாவது நல்லதை விட்டுவர வேண்டும் என்பது அவர்களுடைய நெறி. ஒரே ஒரு விதியை மாற்றியதும் இரை தேடுவது கொடுக்கல் வாங்கலாகிவிடுகிறது.

சரி, பலவீனம். என்னை அதிகம் உறுத்துவது 'விதித்த துணை' என்கிற ஏற்பாடு. ஓநாய் மனிதர் கதைகளில் இது மிக சகஜம். வாசனை பட்டதுமே இவன்தான் என் துணை என்று தெரிந்துவிடும். அப்புறம் பிரிந்தால் உடம்பு கெடும், வேறு யாரையும் ஏறெடுத்துப் பார்க்க முடியாது. விட்ட குறை தொட்ட குறை என்று நாம் சொல்வதை உடம்பிலேயே எழுதிவிட்டது போல. இதிலுள்ள ஆறுதல் எனக்கு நன்றாகப் புரிகிறது. உன் ஆசையே தப்பு என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒருவருக்கு, பிரபஞ்சமே இறங்கி வந்து 'இவன் உனக்குத்தான்' என்று சொல்வது சாதாரண விஷயமா? ஆனால் நிஜத்தில் இரண்டு ஆண்கள் சேர்கிறார்கள் என்றால், பல இடங்களில் வீட்டையும் ஊரையும் சில நேரம் சட்டத்தையும் எதிர்த்து ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தத் துணிச்சல்தான் கதையின் உயிர். விதி முடிவெடுத்துவிட்டால் அவர்கள் துணிய வேண்டிய அவசியமே இல்லாமல் போகிறது.

இதன் இன்னொரு பக்கம், நேற்றுவரை பெண்களை மட்டுமே விரும்பிய நாயகன் இன்று இந்த விதிப் பிணைப்பு வந்ததால் ஒரு ஆணைக் காதலிப்பது. 'எனக்கு ஆண்கள் மேல் நாட்டமில்லை, இவன் மேல் மட்டும்தான்' என்பான். தான் இருபாலீர்ப்பாளனாக இருக்கலாமோ என்ற யோசனை அவனுக்கு ஒரு வரியில்கூட வராது. பிடித்த கதைகளின் பாத்திரங்களை வைத்து ரசிகர்களே எழுதும் ரசிகர் புனைவுகளில் 2010 வாக்கில் உருவான ஒமேகாவெர்ஸ் (மனிதர்களை ஓநாய்க் கூட்டம் போல ஆல்ஃபா, பீட்டா, ஒமேகா என்று பிரிக்கும் கற்பனை உலகம்) இதை இன்னும் தூரம் கொண்டுபோனது. அங்கே விலங்குகளுக்கு வருவது போலப் பருவ வேட்கை வந்தால் உடம்பே சம்மதம் சொல்லிவிடும், மனதைக் கேட்பதில்லை. சம்மதம் என்றால் என்ன என்று விசாரிப்பதற்காகவே இதைக் கையாளும் எழுத்தாளர்கள் இருக்கிறார்கள், அவர்களை மதிக்கிறேன். அந்தக் கேள்வியையே தொடாமல் கடந்துபோகும் கதைகளும் நிறைய.

பெண் பாத்திரங்கள் வில்லியாகவோ கலகலப்பான தோழியாகவோ மட்டும் வந்துபோவதும், முந்நூறு வயதுக்காரனுக்கும் பத்தொன்பது வயதுக்காரனுக்கும் உள்ள அதிகார வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாததும் சலிப்பூட்டுகின்றன. எழுதுபவர்களில் பெண்கள் அதிகம், அதனால்தான் இப்படி என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கவனித்து எழுதுபவர் யாராக இருந்தாலும் எழுத்தில் அது தெரியும்.

மாயமும் அடையாளமும் ஒன்றையொன்று மறைக்காமல் இருப்பதற்கு ஐடன் தாமஸின் 'செமெட்ரி பாய்ஸ்' (2020) நல்ல உதாரணம். நாயகன் ஒரு திருநம்பி. அவனை ஆணாக ஏற்காத குடும்பம் மந்திரச் சடங்குக்கு அனுமதிக்காததால், தானே அதைச் செய்து தன்னை நிரூபிக்கப் பார்க்கிறான். அவன் வரவழைக்கும் ஆவி ஒரு பையன், சொன்ன பேச்சைக் கேட்டுக் கிளம்புகிற ரகமில்லை. அங்கே ஆவி எதற்கும் உருவகமில்லை. அவன் திருநம்பி என்பதும் ஆணைக் காதலிப்பதும் நேரடியாகவே இருக்கின்றன.

புதிதாக ஒரு கதையை எடுத்தால் முதல் சில அத்தியாயங்களில் நான் தேடுவது இரண்டு விஷயங்கள். மாயசக்தி இல்லாதவனுக்குச் சொந்தமாக ஒரு வேலை, நண்பர்கள், ஒரு பழைய காதல் உண்டா? அந்தப் பிணைப்பை அவன் மறுத்துவிட்டு நடந்தால் கதை அவனை விடுமா? இரண்டும் இருந்தால் இரவெல்லாம் விழித்திருந்து முடித்துவிடுவேன்.