பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங் நடனம்போலத்தானே இருக்கிறது, உடலுக்கு அவ்வளவு சிரமமா?

ஆம், மிகக் கடுமையானது. தாவுபவர் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் மூன்று, நான்கு முறை சுழன்று, பின்னோக்கிச் சறுக்கியபடியே ஒற்றைக் காலில் இறங்குகிறார். பனியைத் தொடுவது பூட்ஸின் அடியில் உள்ள சுமார் 4 மில்லிமீட்டர் அகல பிளேடின் வெளி விளிம்பு மட்டுமே. உடல் எடையைவிடப் பல மடங்கு விசை அந்தக் காலில் விழுகிறது. விறைப்பான பூட்ஸ் கணுக்காலைத் தாராளமாக மடங்க விடாததால் அதிர்ச்சி முழங்காலுக்கும் இடுப்புக்கும் ஏறுகிறது. பயிற்சியில் இது ஓயாமல் நடப்பதால் எலும்பில் நுண்முறிவுகள் வரக்கூடும்.

என்னை மலைக்கவைப்பது அதற்கடுத்த கணம். இறங்கியவுடன் மூச்சிரைப்பை மறைத்து, இசையின் அதே தாளத்தில் கை விரிய வேண்டும்! நிகழ்ச்சி அமைப்பு, வெளிப்பாடு, சறுக்கும் திறன் ஆகியவற்றுக்கும் தனி மதிப்பெண் உண்டு.

இத்தகைய சுமையிலிருந்து இளம் வீரர்களைக் காக்க, சீனியர் (உயர்நிலை) போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயதை 15இலிருந்து 17ஆகப் படிப்படியாக உயர்த்த 2022இல்தான் சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் முடிவெடுத்தது. வெகு முன்பே செய்திருக்க வேண்டும்.