கைகோ வேலை: கேட்டவர்களுக்குப் பதில்

2022-இல், தேர்வெழுதித் தேறிய வெளிநாட்டுத் தொழிலாளருக்கான ‘குறித்த திறன்’ விசாவில் ஜப்பான் வந்து, நாகானோ மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் பராமரிப்பாளராக இருக்கிறேன். இந்த வேலைக்கு இங்கே ‘கைகோ’ என்று பெயர். நம் காதுக்குக் கைகோக்கச் சொல்வதுபோல் கேட்கும். எனக்கு அது பிடித்திருக்கிறது.

கேள்வி: அக்கா, ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறார். கட்டலாமா?

கட்டாதீர்கள், தம்பி. வெளியுறவு அமைச்சகத்தில் பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய ஜிஎஸ்டியும்தான். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அவருடைய பதிவைச் சரிபாருங்கள். மொழி வகுப்புக் கட்டணம் தனி; அதற்குத் தனி ரசீது கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் விட்டுவைக்காதீர்கள். நான் முதலில் போன இடத்தில் என்னுடையவற்றை ஐந்து மாதம் முடக்கி வைத்திருந்தார்கள்.

கேள்வி: என்னென்ன தேர்வு எழுத வேண்டும்?

மூன்று. என்4 (ஜப்பானிய மொழித் தேர்வில் ஒரு நிலை; என்5 தொடக்கம், என்1 உச்சம்) அல்லது ஜேஎஃப்டி பேசிக் மொழித் தேர்வு, பராமரிப்புத் திறன் தேர்வு, பராமரிப்புக்கான ஜப்பானிய மொழித் தேர்வு. இந்தியாவிலேயே எழுதலாம். ஆனால் என்4-ஓடு நின்றுவிடாதீர்கள். வந்த புதிதில் ஒரு பாட்டியைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ‘கோஷிதாய்’ என்றார். பாடப்புத்தகத்தில் இல்லாத சொல். புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அறைக்குத் திரும்புவதற்குள் அவருக்கு மயக்கம் வந்துவிட்டது. ‘களைப்பாக இருக்கிறது’ என்பதற்கு இந்த வட்டாரத்தில் சொல்லும் சொல் அது. இன்றுவரை அதை மறக்கவில்லை. விழுங்கச் சிரமப்படுபவருக்குத் தேநீரை எவ்வளவு கெட்டியாக்க வேண்டும், இரவில் யார் எத்தனை முறை எழுந்தார் என்பதையெல்லாம் காலையில் அடுத்த பணியாளரிடம் ஜப்பானிய மொழியில் சொல்லி, எழுதியும் வைக்க வேண்டும். தூக்கி உட்காரவைக்க முதுகு வலு வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். காது வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கேள்வி: ஜிஎன்எம் முடித்திருக்கிறேன். செவிலியராகவே வரலாமா?

ஜப்பானின் தேசியச் செவிலியர் தேர்வில் தேற வேண்டும். அதை எழுதவே என்1 கேட்பார்கள்.

கேள்வி: ஆறு லட்சம் கேட்கிறார்கள், நியாயமா?

இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: கணவரையும் குழந்தையையும் அழைத்துவர முடியுமா?

இந்த விசாவில் முடியாது. பொதுவாக அதிகபட்சம் ஐந்து ஆண்டுதான் இதில் இருக்கலாம். மூன்று ஆண்டு அனுபவத்தோடு பயிற்சி வகுப்பையும் முடித்துப் பராமரிப்பாளருக்கான தேசியத் தேர்வில் தேறினால் ‘கைகோ’ விசாவுக்கு மாறலாம். அதில் குடும்பம் வரலாம். நான் அப்படித்தான் மாறினேன்.

கேள்வி: ஜப்பானியர்களே செய்ய விரும்பாத வேலை. அடுத்தவர் மலம் துடைக்கவா கடல் கடந்து போக வேண்டும்?

ஐயா, மலம் துடைப்பதும் இந்த வேலையில் உண்டு. புண் வராமல், அவர் கூசிப்போகாமல் அதைச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளில் மருமகள் தலையில் கட்டிவிட்டுப் பெயர்கூட வைக்காத இந்த வேலைக்கு, இங்கே பாடநூலும் தேர்வும் பட்டமும் இருக்கின்றன. ஆனால் ஜப்பானியர் வரத் தயங்குகிறார்கள் என்பது உண்மை. 2022-இல் சுமார் 21.5 லட்சம் பராமரிப்பாளர்கள் இருந்தார்கள், 2040-இல் 27.2 லட்சம் பேர் வேண்டும் என்பது அரசின் கணக்கு. சம்பளம் ஏன் உயரவில்லை? இல்லங்களின் வருமானம் பெரும்பாலும் அரசின் முதியோர் பராமரிப்புக் காப்பீட்டிலிருந்து வருகிறது. அது இல்லங்களுக்குத் தரும் கட்டணத்தை அரசு பொதுவாக மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் திருத்துகிறது. ஜப்பானியருக்குக் குறையாத ஊதியம் நமக்கும் என்று சட்டம் சொல்கிறது. அந்த ஊதியமே குறைவு என்பதுதான் குறை. அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். வேலையை இழிவாகப் பேசாதீர்கள்.

மீண்டும் அவரே: நீங்களெல்லாம் போய்விட்டால் நம் ஊர்ப் பெரியவர்களை யார் பார்ப்பது?

இது என்னைக் குத்துகிற கேள்வி. தமிழ்நாட்டில் 2021 மதிப்பீட்டின்படியே 100-க்கு 13-க்கும் மேற்பட்டோர் அறுபதைத் தாண்டியவர்கள். என் அப்பாவைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஓர் அம்மா வருகிறார். அவருக்கு வாரத்தில் ஒருநாள் விடுமுறை வாங்கித்தர அண்ணனோடு இரண்டு மாதம் தொலைபேசியில் சண்டை போட்டேன். அந்த அம்மாவுக்கு ஒப்பந்தமும் இல்லை, காப்பீடும் இல்லை. இதே வேலைக்கு எனக்கு இரண்டும் இங்கே கிடைக்கின்றன. ஊரில் அவை கிடைத்திருந்தால் நான் விமானம் ஏறியிருப்பேனா என்று நீங்களே சொல்லுங்கள்.

இன்னொருவர்: அந்த ஐயா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது அக்கா.

இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

கேள்வி: கையில் எவ்வளவு நிற்கும்?

இல்லத்துக்கு இல்லம் மாறும். காப்பீடு, ஓய்வூதியம், வரி, வாடகை போக மிச்சம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். இரண்டாம் ஆண்டில் குடியிருப்பு வரியும் (முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்து உள்ளாட்சி வாங்கும் வரி) சேர்த்துப் பிடிப்பார்கள். முதல் ஆண்டு கணக்கை நம்பி ஊரில் கடன் வாங்காதீர்கள்.

கேள்வி: ஏஜென்ட் பாதிப் பணம் முன்னால், மீதி விசா வந்தபின் என்கிறார்...

தவணையில் கேட்டாலும் உச்சவரம்பு அதே 30,000 ரூபாய்தான். இதற்கு இனி பதில் எழுத மாட்டேன்.

கேள்வி: வீடுகளுக்குப் போய்ப் பார்க்கும் வேலை நமக்குக் கிடைக்குமா?

2025 ஏப்ரல் முதல் திறந்திருக்கிறார்கள். பயிற்சியும், பொதுவாக ஓராண்டு அனுபவமும் கேட்பார்கள். தொடக்கத்தில் உடன் ஒருவரை அனுப்ப வேண்டியது நிறுவனத்தின் பொறுப்பு. முதல் நாளே தனியாகப் போகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வீட்டுப் பாட்டி ‘கோஷிதாய்’ என்றால் பக்கத்தில் கேட்க ஆள் இருக்காது.